பரவாயில்லைக்கு எத்தனை மார்க்?

ஜெயநகரில் அத்தை முழங்கால் வலிக்குப் போகும் அக்குபங்சர் கிளினிக் முதல் மாடியில் இருக்கிறது. லிஃப்ட் கிடையாது. மூட்டு வலிக்காரர்களை மாடியேற வைக்கும் வைத்தியம் இது ஒன்றுதான் என்று நான் கிண்டல் செய்தபோது அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏறிப் போறதே பாதி வைத்தியம்ப்பா. நீ சும்மா இரு" என்றார்.

அத்தைக்கு 74 வயது. அல்சூரில் பிறந்து அல்சூரிலேயே வாழ்க்கைப்பட்டவர். இரண்டு வருடமாக, செவ்வாயும் சனியும் தவறாமல், அல்சூரில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் பச்சைப் பாதைக்கு மாறி, ஜெயநகரில் இறங்கி அந்த மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தார். ஒரு தடவைக்கு ஐந்நூறு ரூபாய். பத்து 'சிட்டிங்'குக்கு மொத்தமாகப் பணம் கட்டினால் ஒன்று இலவசம். அக்கம்பக்கத்தில் யாராவது "ஊசி போட்டுக்கப் போறீங்களா?" என்று கேட்டால் திருத்துவார்: "போடறது இல்லைம்மா, வைக்கிறது." தமிழில் ஊசி போடுவது என்றால் மருந்து ஏற்றுவது. மருந்தே இல்லாத ஊசிக்கு நம்மிடம் வினைச்சொல் இல்லை. அத்தை ஒன்றை உருவாக்கிக்கொண்டார். முதுகலைத் தமிழ் படித்துவிட்டு இருபது வருடமாக மொழிபெயர்ப்பில் காலம் தள்ளும் எனக்கு இது தோன்றவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒரு சனிக்கிழமை துணைக்குப் போயிருந்தேன். கவுன்டரில் உட்கார்ந்திருந்த பெண் ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை வைத்திருக்கிறாள். வந்தவுடன் கேட்கிறாள்: "ஹேகிதீரா அம்மா?" அத்தை சொல்கிறார்: "பரவாகில்லா." அவள் அட்டையில் 7 என்று எழுதுகிறாள். பத்துக்கு ஏழு. மேலே பார்த்தால் போன செவ்வாய்க்கும் 7. அதற்கு முந்தைய சனிக்கும் 7. "ஏம்மா, அவங்க நம்பரே சொல்லலையே?" என்று கேட்டேன். "யாவாகலூ ஏளே சார்" என்றாள். எப்போதும் ஏழுதானாம். வேறு ஒருவர் "சுமார்" என்றார். அவருக்கு 5. ஒரு ஐ.டி. இளைஞன் "ஓகே" என்றான். அவனுக்கும் 7. அந்தப் பெண்ணிடம் ஓர் அகராதி இருக்கிறது. யாரும் அச்சிடாத, ஆனால் நாள்தோறும் புழங்குகிற அகராதி.

உடம்பு எப்படி இருக்கிறது என்ற கேள்வி சாதாரணமானது அல்ல. உலகம் முழுக்க ஆரோக்கிய ஆய்வுகளில் முதலில் கேட்கப்படுவது பெரும்பாலும் இதுதான். 'மொத்தத்தில் உங்கள் உடல்நிலை எப்படி?' என்று கேட்டு, ஐந்து விடைகளைக் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். அமெரிக்கக் கணக்கெடுப்பில் அந்த ஐந்து: எக்ஸலன்ட், வெரி குட், குட், ஃபேர், புவர். சில வருடங்களுக்கு முன் இப்படி ஒரு கேள்வித்தாளைத் தமிழாக்கும் வேலை எனக்கு வந்தது. மற்ற நான்கையும் ஒருவழியாக ஒப்பேற்றிவிட்டேன். ஃபேர் மட்டும் மாட்டேன் என்றது. 'சுமார்' என்று போட்டால் தமிழில் அது ஒரு படி கீழே இறங்கிவிடுகிறது. சினிமா சுமார் என்றால் போகாதே என்று அர்த்தம். 'பரவாயில்லை' என்று போட்டால் ஒரு படி மேலே ஏறிவிடுகிறது. அமெரிக்காவில் ஸ்பானிய மொழி பேசுகிறவர்களுக்கும் இதே தொல்லை. அங்கே ஃபேர் என்பதை 'ரெகுலார்' என்று மொழிபெயர்த்தார்கள். ஸ்பானியக்காரர்களுக்கு ரெகுலார் என்றால் வழக்கம்போல, குறை ஒன்றுமில்லை என்ற தொனி. அவர்கள் அதையே அதிகம் தேர்ந்தெடுத்தார்கள். விளைவு, ஆங்கிலத்தில் பதில் சொன்னவர்களைவிட ஸ்பானிய மொழியில் சொன்னவர்கள் நோயாளிகளாகத் தெரிந்தார்கள். நோய் உடம்பில் இல்லை, மொழிபெயர்ப்பில் இருந்தது.

நம் பரவாயில்லைக்கு இன்னொரு விசேஷம் உண்டு. பாரசீகத்திலிருந்து வந்த 'பர்வா'வோடு நம் இல்லையைச் சேர்த்தது அது. பர்வா என்றால் அக்கறை, கவலை. கவலை இல்லை என்பதுதான் நேர்ப்பொருள். கன்னடத்திலும் அதே சொல், அதே வேலை. உடல்நிலையைப் பற்றிய பதிலே அல்ல அது; 'உன்னைக் கவலைப்பட வைக்க விரும்பவில்லை' என்ற உபசாரம். கல்யாண வீட்டில் சாப்பாடு எப்படி என்றாலும் பரவாயில்லை, காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்டாலும் பரவாயில்லை. இதற்கு எப்படி ஏழு மார்க் போடுவது?

அப்படியானால் அந்தக் கேள்வியே வீண் என்று தள்ளிவிடலாமா? முடியாது. 1997இல் எலன் ஐட்லர், யேல் பெனியாமினி என்ற இரு ஆய்வாளர்கள் அதுவரை வெளிவந்த 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். தன் உடல்நிலை மோசம் என்று தானே சொன்னவர்கள், நன்றாக இருக்கிறது என்றவர்களைவிடச் சீக்கிரம் இறந்துபோவது பெரும்பாலான ஆய்வுகளில் தெரிந்தது. டாக்டரின் பரிசோதனை, இருக்கிற நோய்கள், வயது எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் பார்த்தாலும் அந்த ஒரு வரிப் பதிலில் ஏதோ மிச்சம் இருந்தது. டாக்டருக்குத் தெரியாத எதுவோ மனிதருக்குத் தன் உடம்பைப் பற்றித் தெரிந்திருக்கிறது.

இதற்கு நேர் எதிரான கதை வங்காளத்தில் இருக்கிறது. பெரும் பஞ்சத்துக்கு அடுத்த வருடம், 1944இல், கல்கத்தாவுக்குப் பக்கத்தில் சிங்கூரில் அகில இந்திய சுகாதார, பொதுநல நிறுவனம் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. மனைவியை இழந்த ஆண்களில் 48.5 சதவிகிதம் பேர் தங்களுக்கு உடம்பு சரியில்லை, அல்லது அவ்வளவாக நன்றாக இல்லை என்றார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 சதவிகிதம்தான். 'அவ்வளவாக நன்றாக இல்லை' என்பதை மட்டும் எடுத்துக்கொண்டால் ஆண்களில் 45.6 சதவிகிதம், பெண்களில் ஒருவர்கூட இல்லை. பஞ்சத்தில் அடிபட்ட வங்காளத்தில், விதவைகளுக்கு என்ன சாப்பாடு கிடைத்திருக்கும் என்பது தெரிந்த விஷயம். அவர்கள் பொய் சொல்லவில்லை. தன் உடம்பு எப்படி இருக்கிறது என்று யோசிக்கும் பழக்கமே அவர்களுக்கு அனுமதிக்கப்படவில்லை. இந்தக் கணக்கை மறுபடி மறுபடி எடுத்துக் காட்டுபவர் அமர்த்தியா சென். 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதிய கட்டுரையில் இன்னொன்றையும் சேர்த்தார். இந்தியாவில் மிக நீண்ட ஆயுள் கேரளத்தில். எனக்கு நோய் இருக்கிறது என்று சொல்லிக்கொள்பவர்கள் அதிகம் இருப்பதும் கேரளத்தில். ஆயுள் குறைந்த பிகாரில் நோய் இருப்பதாகச் சொல்பவர்கள் குறைவு. அமெரிக்காவில் கேரளத்தைவிடவும் அதிகம். படிப்பும் ஆஸ்பத்திரியும் பக்கத்தில் இருந்தால்தான் நோயை நோய் என்று சொல்லத் தெரிகிறது.

அக்குபங்சரைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு சிங்கூருக்குப் போனதற்குக் காரணம் உண்டு. அக்குபங்சர் வேலை செய்கிறதா என்ற கேள்விக்கான விடை பெரும்பாலும் இந்தப் பரவாயில்லையின் மேல்தான் நிற்கிறது. வலியை அளக்க ரத்தப் பரிசோதனை கிடையாது. நோயாளி சொல்வதுதான் அளவு.

இந்த ஊசி இந்தியாவுக்கு வந்த வழியும் சுவாரசியமானது. 1938இல் ஜப்பானோடு போரிட்டுக்கொண்டிருந்த சீனாவுக்கு உதவ காங்கிரஸ் ஐந்து டாக்டர்களை அனுப்பியது. அதில் ஒருவரான துவாரகநாத் கோட்னிஸ் 1942இல், 32 வயதில், அங்கேயே இறந்துபோனார். அவரைப் பற்றி சாந்தாராம் படம் எடுத்தார். திரும்பி வந்தவர்களில் ஒருவர் கல்கத்தாவைச் சேர்ந்த பிஜய் குமார் பாசு. 1950களின் இறுதியில் மீண்டும் சீனா போய் அக்குபங்சர் கற்று வந்து கல்கத்தாவில் ஆரம்பித்து வைத்தவர் அவர்தான். அதனால்தானோ என்னவோ, 1996இல் இதற்கென்று முதலில் சட்டம் கொண்டுவந்த மாநிலமும் மேற்கு வங்கம். மத்திய அரசு இதைத் தனி சிகிச்சை முறையாக ஏற்றுக்கொள்ள 2019 ஆயிற்று. ஐரோப்பாவுக்கு இது போனது அதற்கெல்லாம் வெகு காலம் முன்பு. ஜப்பானில் வேலை பார்த்த வில்லெம் டென் ரைன் என்ற டச்சு டாக்டர் 1683இல் எழுதிய லத்தீன் நூலில்தான் 'அக்குபங்சுரா' என்ற பெயரே வருகிறது. ஊசி, குத்து என்ற இரண்டு லத்தீன் சொற்கள். இந்த மொழிபெயர்ப்பாளருக்கு என் வணக்கம்.

ஊசியை விசாரணைக் கூண்டில் ஏற்றியவர்களில் ஜெர்மானியர்கள் முக்கியமானவர்கள். 2007இல் வெளிவந்த ஆய்வில் நாள்பட்ட முதுகு வலிக்காரர்கள் 1,162 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குச் சீன சாஸ்திரப்படி சரியான இடத்தில் ஊசி. இன்னொரு பிரிவுக்குச் சாஸ்திரத்தில் இல்லாத இடத்தில், மேலாக, பெயருக்கு ஒரு குத்து. மூன்றாவது பிரிவுக்கு மாத்திரை, உடற்பயிற்சி என்று வழக்கமான வைத்தியம். ஆறு மாதம் கழித்துக் கேட்டபோது சரியான ஊசி வாங்கியவர்களில் 47.6 சதவிகிதம் பேருக்கு நல்ல குணம். போலி ஊசியில் 44.2. வழக்கமான வைத்தியத்தில் 27.4. ஊசிக்காரர்கள் 'பார், ஜெயித்துவிட்டோம்' என்றார்கள். எதிர்த்தரப்பு 'பார், எங்கே குத்தினாலும் ஒன்றுதான்' என்றது. இரண்டு பேரும் சொன்னது சரி.

அமெரிக்காவில் 2009இல் வெளியான டேனியல் செர்கின் குழுவின் ஆய்வில் இதைவிட வேடிக்கை. ஒரு பிரிவினருக்கு ஊசியே இல்லை. ஊசி வைக்கும் குழலுக்குள் பல்குத்தும் குச்சியை விட்டுத் தோலில் அழுத்தி எடுத்தார்கள். குப்புறப் படுத்திருந்தவர்களுக்கு அது தெரியவில்லை. ஏழு வாரத்தில் பத்து தடவை. முடிவில் ஊசிக்காரர்களிலும் குச்சிக்காரர்களிலும் ஏறத்தாழ 60 சதவிகிதம் பேருக்கு அன்றாட வேலைகளைச் செய்வது சுலபமாகியிருந்தது. வழக்கமான சிகிச்சையில் 39.

எல்லா ஆய்வும் இப்படி முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2012இல் ஆண்ட்ரூ விக்கர்ஸ் என்ற புள்ளியியல்காரர் 29 ஆய்வுகளின் மூலத் தரவுகளை, மொத்தம் 17,922 பேருடையதை, வாங்கிக் கூட்டிக் கழித்தார். அவர் கொடுத்த உதாரணம் எளிமையானது. நூற்றுக்கு அறுபது வலியோடு வருகிறார் ஒருவர். ஊசியே வைக்காவிட்டால் நாளடைவில் அது 43க்கு இறங்குகிறது. போலி ஊசி வைத்தால் 35க்கு. நிஜ ஊசி என்றால் 30க்கு. அதாவது முப்பது படி இறங்கியதில் பதினேழு படி காலம் இறக்கியது. எட்டுப் படி, யாரோ ஒருவர் நம்மைப் படுக்க வைத்து அக்கறையோடு கவனித்ததால். ஐந்து படி ஊசியால். சீன நாடி சாஸ்திரத்தின் பங்கு இந்த ஐந்து படிக்குள் எங்கோ இருக்கிறது.

அந்தப் பதினேழு படியைப் பற்றி நாம் போதுமான அளவு பேசுவதில்லை. வலி எப்போதும் ஒரே மாதிரி இருப்பதில்லை, ஏறும், இறங்கும். உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் வைத்தியரைத் தேடிப் போகிறோம். உச்சத்திலிருந்து எங்கே போனாலும் இறக்கம்தான். என் வலது தோள்பட்டை இறுகிப்போய்ச் சட்டை மாட்ட முடியாமல் இருந்த நாட்களில் நானும் ஆறு தடவை ஊசி வைத்துக்கொண்டேன். சரியாகிவிட்டது. தோள் இறுக்கம் பெரும்பாலும் ஓரிரு வருடத்தில் தானாகவே தளரும் என்று எலும்பு டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கிறது. ஆனாலும் யாராவது கேட்டால் ஊசியில்தான் சரியாயிற்று என்று என் வாய் சொல்கிறது.

எட்டுப் படியும் லேசானது இல்லை. ஹார்வர்டில் டெட் கேப்ட்சக் 2008இல் வெளியிட்ட ஆய்வை நான் பலருக்கும் சொல்வது வழக்கம். வயிற்றுக் கோளாறுள்ள 262 பேர். ஒரு பகுதியினரைக் காத்திருக்கச் சொன்னார்கள். ஒரு பகுதியினருக்குப் போலி ஊசி, பேச்சே இல்லாமல். மூன்றாவது பகுதியினருக்கும் அதே போலி ஊசிதான். ஆனால் வைத்தியர் முதல் நாள் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து, நோயைப் பற்றியும் வாழ்க்கையைப் பற்றியும் கேட்டார். மூன்று வாரம் கழித்துப் போதுமான நிவாரணம் கிடைத்தது என்றவர்கள் முறையே 28, 44, 62 சதவிகிதம். பேச்சுக்கு மட்டும் பதினெட்டு மார்க். 67 நாடுகளில் டாக்டர் நோயாளியைப் பார்க்கும் நேரத்தைத் தொகுத்த ஓர் ஆய்வு 2017இல் வந்தது. ஸ்வீடனில் 22 நிமிடம். இந்தியாவுக்கு ஏறத்தாழ இரண்டு நிமிடம். அத்தை ஏன் இரண்டு மெட்ரோ மாறி ஜெயநகர் போகிறார் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. அங்கே அரை மணி நேரம் படுக்கலாம். ஃபேன் ஓடும். டாக்டரம்மா பேரன் பரீட்சையைப் பற்றி விசாரிப்பார்.

எத்தனை தடவை போவது என்ற கேள்விக்கு வருகிறேன். கிளினிக்கில் இதற்கு விடை கிடையாது. 'உங்க உடம்பைப் பொறுத்து' என்பார்கள். ஆனால் பிறர் பணத்தில் வைத்தியம் நடக்கும் நாடுகளில் விடை சட்டமாகவே இருக்கிறது. ஜெர்மனியில் 2007 முதல் முதுகு வலிக்கும் முழங்கால் வலிக்கும் காப்பீடு பணம் கொடுக்கிறது: ஆறு வாரத்துக்குள் பத்து தடவை, விதிவிலக்காகப் பதினைந்து. தலைவலிக்குக் கிடையாது. அமெரிக்காவின் மெடிகேர் 2020 முதல் நாள்பட்ட முதுகு வலிக்கு மட்டும் கொடுக்கிறது: 90 நாளில் பன்னிரண்டு, குணம் தெரிந்தால் இன்னும் எட்டு, வருடத்துக்கு இருபதுக்கு மேல் இல்லை. குணம் தெரியாவிட்டால் நிறுத்த வேண்டும். இங்கிலாந்துக்காரர்கள் 2009இல் முதுகு வலிக்குச் சரி என்றார்கள், 2016இல் வேண்டாம் என்றார்கள், 2021இல் நாள்பட்ட பொது வலிகளுக்கு ஒரு சுற்று மட்டும் பார்க்கலாம் என்றார்கள். சீனாவில் வாரத்துக்கு மூன்று என்பது சகஜம். முழங்கால் தேய்மானம் உள்ள 480 பேரிடம் அங்கே நடந்து 2021இல் வெளியான ஆய்வில் வாரம் மூன்று வீதம் எட்டு வாரம் வைத்தார்கள். மின்சாரம் பாய்ச்சிய ஊசியில் 60 சதவிகிதம், போலியில் 47 சதவிகிதம் பேருக்குக் குணம். வித்தியாசம் இருக்கிறது, பெரிது என்று சொல்ல மாட்டேன். ஆக, கொஞ்ச நாளைக்கு அடிக்கடி, பிறகு நிறுத்து என்பதில் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். விக்கர்ஸ் குழு 2018இல் மறுபடி கணக்குப் போட்டபோது, சிகிச்சை முடிந்து ஒரு வருடம் கழித்தும் பலனில் பதினைந்து சதவிகிதம்போலத்தான் தேய்ந்திருந்தது. இரண்டு வருடம் வாரம் இருமுறை என்பதை எந்த ஆய்விலும் நான் பார்க்கவில்லை. அது அத்தையின் சொந்தக் கண்டுபிடிப்பு, பத்துக்கு ஒன்று இலவசம் என்பதால் நிகழ்ந்தது.

அடிக்கடி போகிறவர்கள் நன்றாக இருக்கிறார்களா என்று அந்த வரவேற்பறையில் உட்கார்ந்து எண்ணினால் ஆம் என்றுதான் வரும். செவ்வாய், சனி கும்பல் முழுக்க ஏழும் எட்டும்தான். ஆனால் இரண்டு தடவை வந்து, பலனில்லை என்று நின்றுபோனவர் அங்கே உட்கார்ந்திருக்க மாட்டார். மாடியேறவே முடியாதவரும் இருக்க மாட்டார். மாதம் நாலாயிரம் ரூபாய் இல்லாதவர் இருக்க மாட்டார். சந்தோஷமானவர்கள் மட்டும் மிஞ்சிய அறை அது. அதற்கு நேர்மாறாக, ஊர் முழுக்கக் கணக்கெடுத்தால் ஊசி வைத்துக்கொள்கிறவர்கள் மற்றவர்களைவிட உடம்பு சரியில்லை என்று சொல்லவும் வாய்ப்பு உண்டு. வலி இருப்பவர்தானே போகிறார்? அடிக்கடி போவதும் ஆரோக்கியமாக உணர்வதும் ஒன்றாக வரலாம், எதிராகவும் வரலாம். எது எதற்குக் காரணம் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

இதெல்லாம் தெரிந்த பிறகும் நான் அத்தையைத் தடுக்கவில்லை. தேர்ந்தவர் கையில் புது ஊசி ஆபத்து குறைந்த வைத்தியம். ஜெர்மனியில் 97,733 நோயாளிகளைக் கவனித்ததில் நுரையீரலில் ஊசி பட்டுக் காற்றுப் புகுந்தவர்கள் இரண்டே பேர். அத்தை முன்பு சுவரைப் பிடித்து நடந்தவர். இப்போது சோமேஸ்வரர் கோயிலைச் சுற்றி வருகிறார். அது ஐந்து படியோ எட்டுப் படியோ, சுற்றுவது அவர் கால்.

தவறு வேறு இடத்தில் நடந்துகொண்டிருந்தது. போன வருடம் கண்ணாடி மாற்ற வேண்டும் என்று கண் டாக்டரிடம் கூட்டிப் போனேன். கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தவர், பேச்சை நிறுத்திவிட்டு, "சர்க்கரை எவ்வளவு இருக்கு?" என்று கேட்டார். அத்தை, "அதெல்லாம் கன்ட்ரோல்ல இருக்கு" என்றார். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை எடுத்தோம். 10.4. ஏழு மாதமாக அத்தை சர்க்கரை மாத்திரை சாப்பிடவில்லை.

"ஏன் அத்தை?"

"உடம்பு நல்லா இருக்கேப்பா. கால் வலி போச்சு, நல்லாத் தூங்கறேன், பசிக்குது. நல்லா இருக்கறப்ப எதுக்கு மாத்திரை?"

"அந்த டாக்டரம்மா நிறுத்தச் சொன்னாங்களா?"

"சேச்சே, அவங்களைச் சொல்லாதே. அவங்களுக்குத் தெரியவே தெரியாது. பக்கத்துல படுத்திருந்த அம்மா சொன்னாங்க. அவங்களும் நிறுத்திட்டாங்களாம். ஊசியே எல்லாத்தையும் சரிபண்ணிடுமாம்."

விழித்திரையில் ரத்தக் கசிவு ஆரம்பித்திருந்தது. சர்க்கரை ஏறினால் வலிக்காது. ரத்த அழுத்தம் ஏறினாலும் பெரும்பாலும் வலிக்காது. கண்ணின் பின்புறம் கெட்டுக்கொண்டிருப்பது பார்வை மங்கும் வரை தெரியாது. அட்டையை வாங்கிப் பார்த்தேன். மாத்திரை நிறுத்திய அந்த ஏழு மாதத்தில் நான்கு இடத்தில் 8 இருந்தது. இரண்டு வருடத்தில் அத்தை வாங்கிய அதிகபட்ச மார்க் அதுதான். 27 ஆய்வுகளில் டாக்டரைவிட அதிகம் தெரிந்திருந்த அந்தக் கேள்வி, அத்தை விஷயத்தில் முழங்காலை மட்டும் பார்த்துவிட்டுப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. சிங்கூர் விதவைகளைப்போல அத்தை அடங்கிப்போனவர் அல்ல. வலி போய்விட்டால் ஆரோக்கியம் வந்துவிட்டது என்று நம்பியவர். நம்மில் நிறையப் பேர் அப்படித்தான்.

அக்குபங்சர் டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவருக்கு முகம் வெளிறிவிட்டது. மாத்திரை நிறுத்துவதைப் பற்றி அவர் பேசியதே இல்லை, கேட்டதும் இல்லை. மாத்திரை கொடுத்த டாக்டரும் ஊசியைப் பற்றிக் கேட்டதில்லை. கேட்டால் திட்டுவார் என்று அத்தை சொன்னதில்லை. மெட்ரோவில் நாற்பது நிமிட தூரத்தில் இரண்டு வைத்தியம், நடுவில் இருப்பவர் இருவரிடமும் பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் எத்தனை தடவை அவரோடு போயிருக்கிறேன்? மாத்திரை டப்பாவை ஒரு நாளாவது திறந்து பார்த்தேனா? மாடிப்படியைப் பற்றி ஜோக் அடிக்க மட்டும் நேரம் இருந்தது.

கண்ணுக்கு லேசர் நான்கு தடவையாக வைத்தார்கள். ("அங்கேயும் சிட்டிங்தானா?" என்றார் அத்தை. இலவசம் எதுவும் இல்லை.) இடது கண்ணில் கொஞ்சம் போனது போனதுதான். மாத்திரையை மீண்டும் ஆரம்பித்தார். டப்பாவில் கிழமை போட்டு அடுக்குவது இப்போது என் வேலை. அக்குபங்சரை விடச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை, கண் டாக்டர் உள்பட. மாதம் ஒரு முறை என்று குறைத்துக்கொண்டார். கால் வலி ஒன்றும் கூடிவிடவில்லை. செவ்வாய்க்கிழமைக் கும்பலைப் பார்க்க முடியவில்லையே என்பதுதான் குறை.

கிளினிக்கில் இப்போது அட்டையில் கூடுதலாக ஒரு கட்டம் அச்சடித்திருக்கிறார்கள்: என்னென்ன மாத்திரை, கடைசியாகப் பரிசோதனை எப்போது என்று. போன சனிக்கிழமை போனபோது அந்தப் பெண் வழக்கம்போலக் கேட்டாள்.

"ஹேகிதீரா அம்மா?"

அத்தை வாயைத் திறந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, கைப்பையிலிருந்து நான்காக மடித்த ரத்தப் பரிசோதனைக் காகிதத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"முட்டிக்கு ஏழு போட்டுக்கோ. மத்ததை இதைப் பார்த்து எழுதிக்கோம்மா."

அவள் கன்னடத்துப் பெண். பாதிதான் புரிந்திருக்கும். காகிதத்தைப் பிரித்து 7.8 என்று எழுதிக்கொண்டாள். அது எதற்கான மார்க் என்று என்னைக் கேட்டாள்.